எட்டரை மீட்டர்

2021 ஆகஸ்ட் மாதம். அதற்கு முந்தைய மாதம்தான் தென்னாப்பிரிக்காவில் எங்கள் ஊரான டர்பன் கலவரத்தில் பற்றியெரிந்தது. ரொட்டிக்கும் பாலுக்கும் மணிக்கணக்கில் வரிசையில் நின்ற களைப்பு இன்னும் உடம்பில் இருந்தது. கொரோனா பயம் வேறு. டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் எங்கள் வீட்டு முன்னறையில், மகளின் மடிக்கணினியை ஒரு நாற்காலி மேல் ஏற்றிவைத்து, அத்தையும் நானும் மகளுமாக நைரோபியில் நடந்த இருபது வயதுக்கு உட்பட்டோர் உலகத் தடகளப் போட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பெண்கள் 200 மீட்டர் இறுதி ஓட்டம். எல்லோரும் தொடக்கக் கோட்டில் காலை ஊன்றும் பிளாக்ஸில் குனிந்துவிட்டார்கள்.

"பெண்ட்ல அவளப் பாக்காத கண்ணு. ஸ்ட்ரெய்ட் வரட்டும், அப்புறம் பாரு" என்றார் அத்தை.

அவர் சொன்னது நமீபியாவின் கிறிஸ்டின் எம்போமாவை. மூன்று வாரத்துக்கு முன்புதான் டோக்கியோ ஒலிம்பிக்கில் அவளைப் பார்த்திருந்தோம். அங்கே வளைவு முடியும்போது பின்தங்கி இருந்தவள், நேர்ப்பாதையில் ஒவ்வொருவராகக் கடந்து 21.81 வினாடியில் வெள்ளி வாங்கினாள். நைரோபியிலும் கடைசி ஐம்பது மீட்டரில் மற்றவர்களை விட்டுப் பிரிந்து போனாள். 21.84. அவளுடைய தோழி பீட்ரிஸ் மசிலிங்கி 22.18. நைஜீரியாவின் ஃபேவர் ஒஃபிலி 22.23. ஆப்பிரிக்க மண்ணில் நடந்த போட்டியில் முதல் மூன்று இடமும் ஆப்பிரிக்கப் பெண்களுக்கு.

அமெரிக்கா அந்தப் போட்டிக்கு அணியை அனுப்பவில்லை, அதனால் இதெல்லாம் பெரிதில்லை என்று அப்போது சிலர் சொன்னார்கள். எனக்குக் கோபம் வந்தது. டோக்கியோவில் வெண்கலம் வாங்கிய அமெரிக்காவின் கேபி தாமஸின் நேரம் 21.87. பதினெட்டு வயதுப் பெண் நைரோபியில் ஓடிய 21.84 அந்த ஒலிம்பிக் இறுதியிலும் வெள்ளி வாங்கித் தந்திருக்கும். இதை எப்படிப் பெரிதில்லை என்று சொல்வது?

மகள் சோஃபா மேல் ஏறிக் குதித்தாள். அவளுக்கு அப்போது பதின்மூன்று வயது. அத்தை மட்டும் கை தட்டவில்லை.

"இதுங்க ரெண்டும் நானூறு ஓடுற பிள்ளைங்கதானே? ஏன் அதுல விடல?"

எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். அந்தப் பெண்களின் உடம்பில் இயற்கையாகவே டெஸ்டோஸ்டிரோன் அதிகமாக இருப்பதாகச் சோதனையில் தெரிந்தது, 400 மீட்டரிலிருந்து ஒரு மைல் வரைக்கும் அப்படி இருக்கிறவர்கள் ஓடக் கூடாது என்று உலகத் தடகள அமைப்பு விதி வைத்திருக்கிறது, அதனால் கடைசி நேரத்தில் 200க்கு வந்தார்கள் என்று. அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கேட்ல எப்பவும் ஒரு ஆளு நிக்கிறான்" என்று சொல்லிவிட்டு டீ போட எழுந்து போனார்.

அந்த வார்த்தையை நான் மறக்கவில்லை. ஜூனியர் பெண்கள் ஓட்டம் எதைப் பார்த்தாலும் இப்போது என் கண் முதலில் தொடக்கக் கோட்டுக்குத்தான் போகிறது. யார் நிற்கிறார்கள், யார் நிற்கவில்லை என்று பார்க்கிறேன்.

அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் என் மாமியார். நான் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து 2004இல் கல்யாணமாகி டர்பனுக்கு வந்தவள். என் கணவர் வீட்டு முன்னோர்கள் வட ஆற்காட்டிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்கள். முதல் கப்பலான ட்ரூரோ 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து இங்கே வந்தது. எங்கள் வீட்டார் வந்தது அதற்கும் பிறகு. அத்தை பேசும் தமிழில் பாதி ஆங்கிலம், நடுநடுவே ஜூலு. மீதி இருக்கும் தமிழில் என் பாட்டி பேசிய சொற்கள் சில அப்படியே இருக்கின்றன. இங்கே பிறந்து வளர்ந்த அவருடைய வயதுக்காரர்களில் இவ்வளவு தமிழ் பேசுகிறவர்கள் குறைவு. என் மகள் அவரை ஆயா என்றுதான் கூப்பிடுவாள், இங்கே பல தமிழ் வீடுகளில் இருப்பதைப் போல.

அத்தை ஓடுவார் என்று எனக்குப் பல வருடம் தெரியாது. அவர் சொன்னதே இல்லை. 2016 ஜூனில் ஆப்பிரிக்கத் தடகளப் போட்டி டர்பன் கிங்ஸ் பார்க் அரங்கில் நடந்தபோது, எங்கள் நாட்டு ஓட்டக்காரி கேஸ்டர் செமன்யாவைப் பார்க்க வேண்டும் என்று குடும்பமாகப் போனோம். 800, 1500 இரண்டிலும் செமன்யாவுக்குத் தங்கம், தொடரோட்டத்திலும் தங்கம். வீட்டுக்கு வரும் வழியில் காரில் அத்தை சாதாரணமாகச் சொன்னார்: "நான்கூட ஓடுவேன். கரீஸ் ஃபவுண்டன்ல."

கரீஸ் ஃபவுண்டன், டர்பன் தாவரவியல் பூங்காவுக்கு அருகில் இருக்கும் மைதானம். வெள்ளையரல்லாதவர்களின் கால்பந்தும் தடகளமும் பல காலம் அங்கேதான் நடந்தன. 1974 செப்டம்பரில் தடையை மீறி, மொசாம்பிக் விடுதலை இயக்கமான ஃப்ரெலிமோவை வாழ்த்தி 'விவா ஃப்ரெலிமோ' கூட்டம் நடந்ததும் அங்கேதான். இந்தியப் பள்ளிகளுக்கு இடையிலான ஓட்டப் போட்டிகளில் அத்தை அங்கே ஓடியது 1968, 69இல். புல்தரையில் சுண்ணாம்பு போட்டுக் கோடு கிழித்திருப்பார்கள். முடிவில் இரண்டு ஆசிரியர்கள் கம்பளி நூலைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். காலில் எதுவும் கிடையாது. இங்கே இன்றைக்கும் பள்ளிப் பிள்ளைகள் பலர் வெறுங்காலில்தான் ஓடுகிறார்கள், வசதியான பள்ளிகளில்கூட. வறுமையால் மட்டும் என்று நினைக்க வேண்டாம், அது இந்த நாட்டுப் பழக்கம். ஆனால் அத்தை வெறுங்காலில் ஓடியதற்குக் காரணம் வீட்டில் பணம் இல்லாததுதான்.

அவர் ஓடியது 100 மீட்டர் இல்லை, 100 கெஜம். அப்போது இங்கே கெஜக் கணக்கு. நூறு கெஜம் என்றால் 91.44 மீட்டர். அவருடைய சிறந்த நேரம் 11.6 வினாடி, ஸ்டாப்வாட்சைக் கையால் அழுத்தி எடுத்தது. மகள் இதைக் கேட்டதும் கால்குலேட்டரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கையால் எடுத்த நேரம், புல்தரை, வெறுங்கால் என்று எதையெதையோ கூட்டிக் கழித்து, "ஆயா, நீங்க என்னைவிட வேகம்" என்று அறிவித்தாள். அத்தை சிரித்த சிரிப்பை அன்றைக்குத்தான் முதல் முறையாகப் பார்த்தேன்.

டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் வாழைத்தோட்டமும் காய்கறிப் பாத்திகளுமாக இருந்த வீடு அவர்களுடையது. இனவாரிக் குடியிருப்புச் சட்டம் வந்து அங்கிருந்து கிளப்பி, புதிதாகக் கட்டிய சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பினார்கள். அத்தைக்குப் பதினாறு வயது முடிந்ததும் ஓட்டமும் முடிந்தது. அவருடைய அப்பா "போதும்" என்றாராம். ஆனால் அப்பா "ஓடு" என்று சொல்லியிருந்தால் மட்டும் எங்கே ஓடியிருப்பார்? நாட்டுக்காக ஓடும் உடை வெள்ளையர்களுக்கு மட்டும். 1964இலேயே ஒலிம்பிக்கில் தென்னாப்பிரிக்காவைச் சேர்க்கவில்லை. 1970இல் ஒலிம்பிக் இயக்கத்திலிருந்து வெளியேற்றினார்கள், 1976இல் உலகத் தடகள அமைப்பும் வெளியேற்றியது. அந்தத் தடைகள் சரியானவை. நிறவெறி ஆட்சியை உலுக்கியவற்றில் அவையும் உண்டு. ஆனால் எங்கள் மாமியார் மாதிரிப் பெண்களுக்கு அதற்கு முன்னாலேயே உள்ளூரில் கதவு பூட்டியாகிவிட்டது. அத்தை துணித் தொழிற்சாலையில் சட்டைக் காலர் தைக்கப் போனார். இருபத்தாறு வருடம் தைத்தார்.

எவெட் டி கிளர்க் என்ற வெள்ளைக்காரப் பெண் 1989இல் இந்நாட்டுப் பீட்டர்ஸ்பர்க்கில் 200 மீட்டரை 22.06 வினாடியில் ஓடினார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதுதான் தென்னாப்பிரிக்க சாதனை. தடை காரணமாக அந்த வேகத்தோடு அவர் ஒலிம்பிக்குக்குப் போக முடியவில்லை. இதை அத்தையிடம் சொல்லி, "உங்களுக்குக் கோபம் வராதா?" என்று கேட்டேன். "அவளும் கூண்டுக்குள்ளதான் ஓடினா. அவ கூண்டு பெருசு, அவ்வளவுதான்" என்றார்.

ஜூனியர்களுக்கு என்று தனியாக உலகப் போட்டி வந்ததே 1986இல்தான், ஏதென்ஸில். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை நடக்கும். போட்டி நடக்கும் ஆண்டின் டிசம்பர் 31 அன்று இருபது வயது ஆகியிருக்கக் கூடாது. தென்னாப்பிரிக்கா திரும்ப உலகத்தோடு ஓடத் தொடங்கியது 1992இல். 1994 கோடையில் லிஸ்பனில் நடந்த ஜூனியர் உலகப் போட்டியில் பெண்கள் 200 மீட்டர் தங்கத்தை ஹைடி சேயர்லிங் என்ற தென்னாப்பிரிக்கப் பெண் வாங்கினார், 22.80. பின்னால் சிட்னி ஒலிம்பிக் 400 மீட்டர் இறுதியில் ஆறாவதாக வந்தவர் அவர். அதே 1994 ஏப்ரலில்தான் அத்தை வாழ்க்கையில் முதல் முறையாக வாக்களித்தார். 1984இல் இந்தியர்களுக்கென்று தனிச் சபை வைத்து ஒரு தேர்தல் நடத்தினார்கள், அதற்கு அவர் போகவில்லை. "எல்லாரும் ஒரே லைன்ல நிக்கிற அன்னிக்கு நிக்கிறேன்னு சொல்லிட்டேன்." 1994இல் ஆறு மணி நேரம் நின்றாராம்.

இப்போது சாந்திக்கு வருகிறேன். வராமல் இருக்க என்னால் முடியாது. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி சாந்தி சௌந்தரராஜன். செங்கல் சூளைத் தொழிலாளியின் மகள். 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். ஊரிலிருந்து என் அப்பா போன் பண்ணி, "நம்ம மாவட்டத்துப் பொண்ணும்மா" என்றார், குரல் தழுதழுத்தது. சில நாளில் மறுபடி போன். பாலினச் சோதனையில் தோற்றுவிட்டாராம், பதக்கத்தைப் பறித்துவிட்டார்களாம். அப்பா அதைச் சொல்லவே கூசினார். ஆனால் தொலைக்காட்சிக்காரர்கள் கூசவில்லை. ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றி மருத்துவரும் அவளும் மட்டும் பேச வேண்டியதை, டீக்கடையில் உட்கார்ந்து ஊரே பேசியது. பள்ளியில் வேகமாக ஓடுகிற பெண்ணை எல்லாம் "பி.டி.உஷா" என்று கூப்பிடுகிற ஊர் எங்களுடையது. அதற்குப் பிறகு வேறு மாதிரியும் கூப்பிட ஆரம்பித்தார்கள் என்று என் தங்கை சொன்னாள். சாந்தி பிறகு பயிற்சியாளர் ஆனார், பிள்ளைகளை ஓட வைத்தார். அவர் நின்று பிடித்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கண் கலங்கும்.

2009இல் மொரீஷியஸ் பாம்பூவில் நடந்த ஆப்பிரிக்க ஜூனியர் போட்டியில், செமன்யா 800 மீட்டரை 1:56.72இல் ஓடினார். பதினெட்டு வயது. அடுத்த மாதமே பெர்லினில் உலகப் பட்டம். அந்த வெற்றியோடு சேர்ந்து வந்தது பாலினச் சோதனை. பிறகு ஒடிசா நெசவாளர் வீட்டுப் பெண் டூட்டி சந்த். 2013இல் உலக இளையோர் போட்டியில் 100 மீட்டர் இறுதிக்குப் போன முதல் இந்தியப் பெண் அவர். 2014இல் காமன்வெல்த் போட்டிக்குப் போக வேண்டியவரை ஹார்மோன் அளவைக் காட்டி நிறுத்தினார்கள். அவர் விடவில்லை, விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போனார். 2015 ஜூலையில் மன்றம் அந்த விதியை நிறுத்தி வைத்தது. அதற்கப்புறம் எழுதிய விதி 400 மீட்டரிலிருந்து ஒரு மைல் வரைக்குமான ஓட்டங்களுக்கு மட்டும் வந்தது. 100ம் 200ம் திறந்தே கிடந்தன. அந்தத் திறந்த வழியில்தான் 2021இல் எம்போமாவும் மசிலிங்கியும் டோக்கியோவுக்கும் நைரோபிக்கும் வந்தார்கள். ஓட்டக்காரர் பிராங்கி பிரெடெரிக்ஸுக்குப் பிறகு நமீபியாவுக்கு ஒலிம்பிக் பதக்கம் வாங்கித் தந்தது எம்போமாதான், பெண்களில் முதல் ஆள். ஒடிசாவில் ஒரு பெண் நீதி கேட்டதால் நமீபியாவில் ஒரு பெண்ணுக்குப் பாதை கிடைத்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

அந்த வழியும் மூடியாகிவிட்டது. 2023 மார்ச்சில் விதியை எல்லா ஓட்டங்களுக்கும் நீட்டினார்கள். 2025 செப்டம்பர் முதல், உலகத் தரவரிசைப் போட்டிகளில் பெண்கள் பிரிவில் நிற்க ஒரு முறை மரபணுச் சோதனை கட்டாயம்.

இதில் எதிர்த்தரப்பு சொல்வதையும் நான் கேட்டிருக்கிறேன். என் மகளும் ஓடுகிறாள். விடிகாலையில் எழுந்து பயிற்சிக்குப் போகிற பிள்ளைக்கு, தன் பக்கத்து லேனில் இருப்பவளின் உடம்பு வேறு மாதிரி வேலை செய்கிறது என்றால் மனசு வலிக்காதா? வலிக்கும். பெண்கள் பிரிவு என்று ஒன்று இருப்பதே ஆண் உடம்பின் வேகத்திலிருந்து பெண்களுக்கு இடம் ஒதுக்கத்தான், அதற்கு ஏதோ ஓர் எல்லை வேண்டும் என்பதும் எனக்குப் புரிகிறது. ஆனால் 2021 ஜூலை 2 அன்று நடந்ததை என்னால் ஏற்க முடியவில்லை. பள்ளிப் படிப்பு முடிக்கிற வயதில் இருந்த இரண்டு பெண்களின் ஹார்மோன் விவரம், பெயரோடு, உலகம் முழுவதும் செய்தியாக வந்தது. எம்போமா பதின்மூன்று வயதில் தாயைப் பறிகொடுத்தவள். அந்தச் செய்தி வந்த ராத்திரி அவள் பக்கத்தில் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று யோசித்தேன். எல்லை எங்கே என்று பெரியவர்கள் வாதாடட்டும். அந்த வாதத்துக்கு ஒரு சின்னப் பெண்ணின் உடம்பை நடுத்தெருவில் போட்டுத் திறக்காதீர்கள் என்பதுதான் என் நிலை. இதில் நான் மாறப்போவதில்லை.

சரி, மகளின் ஓட்டத்துக்கு வருகிறேன்.

பத்து வயதிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் அவளைப் பிடிக்க ஆளில்லை. 2018 ஜூலையில் பின்லாந்தின் தம்பேரேயில் ஹிமா தாஸ் 400 மீட்டரை 51.46இல் ஓடி, ஓட்டப் பாதையில் இந்தியாவுக்கு முதல் உலகத் தங்கம் வாங்கினாளே, அந்த வீடியோவை மகள் நாளைக்குப் பத்து முறை பார்ப்பாள். கடைசி வளைவு வரை பின்னால் வந்து, நேர்ப்பாதையில் எழும்புகிற ஓட்டம். அதைப் பார்த்துவிட்டுத்தான் ஓட்டத்தை நம்பினாள்.

பதினான்கு வயதில் எல்லாம் நின்றது. மாதவிடாய் வந்தது, இடுப்பு அகன்றது, எடை ஏறியது, உயரம் ஏறவில்லை. 100 மீட்டர் நேரம் இரண்டு வருடம் அப்படியே உட்கார்ந்துவிட்டது, ஒரு பருவத்தில் கூடவும் செய்தது. பையன்களுக்கு அந்த வயதில் தசை தானாக வருகிறது. பெண் பிள்ளைகளுக்கு உடம்பு முதலில் வேறு வேலை பார்க்கிறது. கூடிய எடையைத் தள்ளுகிற பலத்தைப் பயிற்சியால்தான் சேர்க்க வேண்டும், அதற்குக் காலம் வேண்டும். இரும்புச்சத்து குறைந்து களைப்பும் சேர்ந்துகொண்டது. ரத்தப் பரிசோதனை செய்து பார்த்த பிறகுதான் அது தெரிந்தது. இதையெல்லாம் எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அப்போது அவளுக்குப் பயிற்சி கொடுத்த ஒருவர், அவள் காதில் விழும்படியே, "இந்தப் பிள்ளை முடிஞ்சிருச்சு" என்றார். பதினான்கு வயதுப் பிள்ளை! சொந்தக்காரர்கள் வேறு, அம்மனுக்குக் கஞ்சி படைக்கும் போர்ரிட்ஜ் பூசைக்குக் கோவிலுக்குப் போன இடத்தில், "இன்னுமா அந்தக் குட்டை டவுசரைப் போட்டு ஓட விடுறீங்க?" என்று கேட்டார்கள். அத்தை கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, "நான் புளூமர் போட்டு ஓடினப்பவும் இதையேதான் கேட்டாங்க" என்று பதில் சொன்னார். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

மகளுக்கு ஆறுதல் சொல்ல நான் ஜூனியர் போட்டிகளின் பழைய கதைகளைத் தேட ஆரம்பித்தேன். தேடத் தேட எனக்கே தெளிவு வந்தது. அமெரிக்காவின் கேண்டஸ் ஹில் பதினாறு வயதில், 2015இல், 100 மீட்டரை 10.98இல் ஓடினாள். அந்த வயதிலேயே தொழில்முறை ஒப்பந்தம். 2016இல் போலந்தின் பித்கோஷ்ச் நகரில் நடந்த உலக ஜூனியர் போட்டியில் 11.07இல் தங்கம். அடுத்த ஒலிம்பிக் இவளுக்குத்தான் என்றார்கள். அந்த உயரத்துக்கு அவள் பிறகு வரவில்லை. இங்கிலாந்தின் ஜோடி வில்லியம்ஸ் தொடர்ந்து 151 ஓட்டங்களில் தோற்காமல் இருந்தவள். 2010இல் கனடாவின் மாங்டனில் நடந்த உலக ஜூனியர் போட்டியில் 100 மீட்டர் தங்கம் வாங்கிய கையோடு, 200இல் ஸ்டார்மி கெண்ட்ரிக்கிடம் தோற்றாள். அதே இங்கிலாந்தின் டீனா ஆஷர்-ஸ்மித் 2014 யூஜீனில் 11.23இல் ஜூனியர் தங்கம் வாங்கி, நிதானமாக வளர்ந்து, 2019இல் தோஹாவில் 200 மீட்டர் உலகச் சாம்பியன் ஆனாள். ஜமைக்காவின் டினா கிளேட்டன் கதை எனக்கு மிகவும் பிடித்தது. நைரோபியில் 100 மீட்டர் தங்கம் 11.09, பதினேழு வயது நிறைந்த அதே வாரம். அடுத்த ஆண்டு கொலம்பியாவின் காலி நகரில் 10.95, மறுபடி தங்கம். பிறகு சில வருடம் பெரிய மேடைகளில் அவள் பெயர் கேட்கவில்லை. அவளையும் முடிந்துவிட்டாள் என்று எங்கேயோ யாரோ சொல்லியிருப்பார்கள். 2025இல் டோக்கியோ உலகப் போட்டியில் 10.76 ஓடி வெள்ளி வாங்கினாள்.

என் மகள் இந்த வரிசையில் வருகிறவள் இல்லை. உலக ஜூனியர் போட்டிக்குப் போகும் நேரம் அவளிடம் கிடையாது, வரவும் வராது. அதை அவளும் அறிவாள். 100 மீட்டரைப் பன்னிரண்டரை வினாடிக்குச் சற்று உள்ளே ஓடுகிறாள். அந்த நேரத்தை ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு குறைக்க அவள் படும் பாடு, கிளேட்டன் படும் பாட்டைவிடச் சின்னது என்று என்னால் சொல்ல முடியவில்லை. பிரிட்டோரியாவில் ஓடினால் கொஞ்சம் குறையும். அது கடல் மட்டத்துக்கு 1,300 மீட்டருக்கு மேல் இருக்கிறது, காற்று லேசு, எதிர்ப்புக் குறைவு. டர்பனில் கடற்காற்றின் கனத்தைத் தள்ளிக்கொண்டு ஓட வேண்டும். போதாததற்கு அந்தக் காற்று நேர்ப்பாதையில் எந்தப் பக்கத்திலிருந்து வீசும் என்று அன்றைக்குக் காலையில்தான் தெரியும். முதுகுப் பக்கமிருந்து வினாடிக்கு 2 மீட்டருக்கு மேல் வீசினால் நேரம் சாதனைக் கணக்கில் சேராது, எதிர்த்து வீசினால் யாரும் கழித்துத் தர மாட்டார்கள்.

பதினைந்து வயதில் ஒரு தேர்வுப் போட்டியில் துப்பாக்கிச் சத்தத்துக்கு முன்னால் அசைந்துவிட்டாள். சிவப்பு அட்டை. அவ்வளவுதான், வெளியே. வெடிச் சத்தத்துக்குப் பிறகு 0.100 வினாடிக்குள் காலை அழுத்தினால்கூட அது தவறான தொடக்கம். 2010 முதல் முதல் தவறுக்கே நீக்கம். மூன்று மாதம் உழைத்தது பிளாக்ஸிலேயே முடிந்துபோனது. அத்தை அவளை மடியில் சாய்த்துக்கொண்டு, "எங்க காலத்துல ஒரு வாட்டி மன்னிச்சு விடுவாங்க" என்றார். அது உண்மைதான், 2002 வரைக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு வாய்ப்பு இருந்தது. மகள் அழுகைக்கு நடுவே, "நான் ரெடியாதான் இருந்தேன் ஆயா, ரொம்ப ரெடியா இருந்துட்டேன்" என்றாள்.

2025 மார்ச்சில் கிங்ஸ் பார்க்கில் ஒரு போட்டி. அத்தைக்கு எழுபத்திரண்டு வயது, முட்டி வலி, படி ஏற முடியாது. கீழ் வரிசையில் உட்கார வைத்தோம். அங்கிருந்து பார்த்தால் மோசஸ் மபிடா அரங்கத்தின் வளைவு வானத்தில் தெரியும். மகள் ஐந்தாம் லேன். குனிந்தாள், இடுப்பை உயர்த்தினாள், சத்தம். இந்த ஓட்டத்தைப் பற்றி எழுத எனக்கு அதிகம் இல்லை, ஏனென்றால் நான் கண்ணை மூடிக்கொண்டேன், எப்போதும் அப்படித்தான். ஐம்பதுக்குச் சற்று மேல் காலடி வைக்கும் நேரம். திறந்தபோது நான்காவதாக வந்திருந்தாள், அவளுடைய வாழ்நாள் சிறந்த நேரத்தோடு.

எல்லாம் முடிந்து, தடைகளையும் பிளாக்ஸையும் வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அத்தை மைதானத்தில் இறங்க வேண்டும் என்றார். காவலர் பெண்ணிடம் அவரே ஜூலுவில் ஏதோ சொன்னார். அவள் சிரித்துக்கொண்டே கேட்டைத் திறந்துவிட்டாள். மகள் ஆயாவின் கையைப் பிடித்து நேர்ப்பாதைக்குக் கூட்டிப் போனாள்.

"எங்க நூறு கெஜம் எங்க முடியும்?"

மகள் முடிவுக் கோட்டிலிருந்து பின்பக்கமாக அடி மேல் அடி வைத்து அளந்தாள். எட்டரை மீட்டரும் கொஞ்சமும். அந்த இடத்தில் தண்ணீர் பாட்டிலை நிறுத்தி வைத்தாள். "இங்க ஆயா. இங்கதான் உங்க நூல்."

அத்தை செருப்பைக் கழற்றினார். வெயிலில் காய்ந்த ட்ராக் இன்னும் சூடாக இருந்திருக்கும், காலை ஒரு முறை எடுத்து மறுபடி வைத்தார். பாட்டிலுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொண்டார்.

"கைய விடு கண்ணு" என்றார் மகளிடம். கோட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்.